பால்மா மிஸ்ஸுக்குத் துணைக்குப் படுத்தோம்

பயம் என்கிற சாமானை வைக்க மறந்து கடவுள் அனுப்பிவிட்ட ஒரே மனுசி இந்த உலகத்தில் எங்கள் பால்மா மிஸ்தான். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பங்கு வீணாகப் போகக்கூடாது என்று, என்னுடைய பங்கோடு சேர்த்து எனக்கே போட்டுவிட்டார் போலிருக்கிறது. மழை பெய்தால் மண் சரியுமோ என்று எனக்குப் பயம். மழை நின்றால் ஏன் நின்றது என்று பயம். பஸ் பிந்தினால் எங்கே உருண்டதோ என்று பயம். நேரத்துக்கு வந்துவிட்டாலோ, அந்த வளைவுகளில் என்ன வேகத்தில் ஓட்டியிருப்பான் என்று அதற்கும் பயம். இப்படிப்பட்ட என்னைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் கோயில் பாதர் அந்த மிஸ்ஸை ஒப்படைத்தார்.

"பிலோமினா, வெளிநாட்டுக்காரங்க. தனியா வாறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல இங்கிலீஸ் படிப்பிக்கப் போறாங்க. ஒரு கண்ணு வச்சிக்க. ஏதாச்சும் ஆச்சுன்னா மேல பதில் சொல்லணும்."

மேலே என்று அவர் ஆயரைச் சொன்னாரா, ஆண்டவரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். பிறகு இடுப்பு வலி வந்ததால் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகச் சேர்த்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. குழந்தை அழுதால் ஏன் அழுகிறது என்றும், அழாவிட்டால் ஏன் அழவில்லை என்றும் கவலைப்படுவதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் அது ஒன்றுதான். எனக்குப் பொருத்தமாக இருந்தது.

மிஸ் வந்த நாளே என்னைச் செபமாலை எடுக்க வைத்துவிட்டார். எங்கள் தோட்டம் பொகவந்தலாவை போகிற பாதையில், பஸ் திரும்புகிற சந்தியிலிருந்து இன்னும் மேலே ஏறவேண்டிய இடத்தில் இருக்கிறது. நானும், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா வள்ளியும் குடையோடு சந்தியில் நின்றோம். ஹட்டனிலிருந்து பஸ் வந்தது. மிஸ் வரவில்லை.

"வெள்ளைக்கார அம்மாவா? கீழ பாலத்துகிட்டயே எறங்கிட்டாங்க. பாத்துக்கிட்டே நடந்து வாறாங்களாம்" என்றார் டிரைவர்.

கொட்டுகிற மழையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நான் செபமாலையில் பாதியை முடித்திருந்தபோது பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. ஆம்பிளை உயரம். ஆம்பிளை மாதிரியே ஒட்ட வெட்டிய நரைத்த தலை. ஐம்பதைத் தாண்டிய வயது. தலைக்கு மேலே நிற்கிற முதுகுப் பை. கால் இரண்டிலும் அட்டை. நான் ஐயோ என்று உப்பைத் தேட, அவர் குனிந்து ஒவ்வொரு அட்டையாகக் கிள்ளியெடுத்து, வழியோரத்து இலைமேல் பத்திரமாக விட்டார். அவற்றிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லவும் செய்தார். மன்னிப்புக் கேட்டாராம். பிறகு மிஸ்ஸிடம் கேட்டு என் மகள் ரோசி விளக்கினாள்.

போனைப் பார்த்துப் படித்த தமிழ் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. வள்ளி நின்ற இடத்திலேயே விசாரணையை ஆரம்பித்தாள்.

"கல்யாணம் முடிச்சிட்டீங்களா மிஸ்?"

"இல்லை."

"புள்ள குட்டி?"

"இல்லை."

"அம்மா அப்பா?"

"செத்துப் போனாங்க."

"அப்ப தனியாவா இருக்கீங்க?"

"தனியா" என்றார் மிஸ், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியதைச் சொல்கிறவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக.

வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம் பிலோ. இந்த வயசுல ஒரு நாதி இல்ல பாரு."

எந்த ஊர் என்றதற்கு நியூசிலாந்து என்றார். லயத்தில் கூடியிருந்த யாருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ரோசிதான், "பால்மா வாற நாடு" என்றாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தேத்தண்ணியில் கலக்குகிற பால்மா கடையில் கிடைக்காமல் நாங்கள் வெறும் சாயத்தண்ணியாகவே குடித்துத் தீர்த்த காலம் மறக்கவில்லை. அவ்வளவு பால் இருக்கிற ஊரை விட்டு இங்கே வந்து ஒருத்தி சாயத்தண்ணி குடிப்பாளா என்று பெரிய ஆராய்ச்சி நடந்தது. விளக்கு வைப்பதற்குள் பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது.

அதன் பிறகு எனக்கு நிம்மதி ஏது? தை மாதக் குளிரில் விடியும் முன்பே பீலித் தண்ணீரில் போய் நிற்பார். மலைத் தண்ணீர் குழாய் வழியாக நேரே தலையில் கொட்டும். எங்கள் ஆம்பிளைகளே அந்த நேரத்தில் முகம் கழுவ யோசிப்பார்கள். நான் கொத்தமல்லி அவித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். "ஜன்னி வந்துரும் மிஸ்" என்பேன். "நல்ல தண்ணி பிலோ, நீயும் வா" என்பார். மேல்மலையில் சிறுத்தை இறங்கியிருக்கிறது என்று ஆட்கள் வெடி கொளுத்திக்கொண்டு ஓடிவந்தால், எல்லாரும் கதவைச் சாத்துவோம். மிஸ் மட்டும் கதவைத் திறந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "எங்கே, எங்கே" என்று வெளியே வருவார். ஒருநாள் நான் அவருடைய சட்டையைப் பிடித்துத் தொங்கியே நிறுத்தினேன். சிறுத்தை போய்விட்டது. என்னால்தான் பார்க்க முடியாமல் போனது என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் படிப்பிப்பதில் அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு சொல் பிழைத்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்கிற வெட்கம். மிஸ் வகுப்பையே பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கிற தேயிலை மலைக்குக் கொண்டுபோனார். ஆளுக்கு ஒரு தேயிலைச் செடி. தினமும் அந்தச் செடியோடு இங்கிலீஷில் பேச வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். கதை சொல்லலாம், கோள் சொல்லலாம், ஏசலாம். "செடி சிரிக்காது" என்றார் மிஸ்.

உண்மைதான், செடி சிரிக்கவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது முதல் ஒரு கிழமை மட்டும்தான். அதற்குப் பிறகு அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. வள்ளி ஒவ்வொரு செடிக்கும் குட் மோர்னிங் சொல்லிவிட்டுப் பறிக்கிறாள், அதனால்தான் கொழுந்து குறைகிறது என்று கணக்கப்பிள்ளை குறைப்பட்டார். என் ரோசி இருக்கிறாளே, வீட்டில் தமிழிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அவள் தன் செடியோடு சண்டை போடுகிற சத்தம் பிள்ளைக்காம்பரா வரை கேட்டது. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழுதேன்.

அந்த வருடம் அவளுக்குப் பதினோராம் ஆண்டு, சாதாரணதரப் பரீட்சை. அதிலேயே எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் விழுகிற பாடம் இங்கிலீஷ்தான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் வருவார், பெட்டியை அவிழ்ப்பதற்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். எல்லாருக்கும் தங்கக் கொடுக்கிற அந்த வீடுதான் பிரச்சினை. முன்பு டிஸ்பென்சரி ஐயா இருந்த வீடு. லயத்தை விட்டு விலகி, டர்பன்டைன் மரக் காட்டோரத்தில் தனியாக நிற்கும். காற்று அடித்தால் மரங்கள் ஊளையிடும். தோட்டத்து நிர்வாகம் அதைத்தான் டீச்சர்மாருக்குக் கொடுத்து வந்தது. கடைசியாக வந்த டீச்சர் பிள்ளை மூன்றாம் நாள் விடியற்காலை பஸ்ஸில் ஏறிப் போனவள், குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

பால்மா மிஸ் இருந்ததும் அதே வீட்டில்தான். இவரும் போய்விட்டால்? நான் போய் அந்தக் கேள்வியைத் தலைவர் காதில் போட்டேன். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் எதையும் கூட்டம் போட்டுத்தான் யோசிப்பார். அன்று பொழுது சாயவே கோயிலடியில் கூட்டம்.

"தனியா இருக்கப் பயந்துதானே எல்லா டீச்சரும் ஓடுனாங்க" என்றார் தலைவர். "இவங்க வெளிய காட்டிக்கல. ஆனா பயம் இருக்கும். பொம்பள தானே. அதனால பரீட்ச முடியிற வரைக்கும் அவங்கள ஒத்தையில விடக்கூடாது. துணைக்குப் படுக்க ஆள் போகணும்."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் லயங்களில் அது புதிய விஷயமா என்ன? ஒரு வீட்டு ஆம்பிளை கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டால், பொழுது சாய்ந்ததும் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது ஒருத்தி பாயும் தலையணையுமாக வந்து நிற்பாள். துணைக்கு வா என்று கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் பயப்படுகிறோம் என்று ஆகிவிடும். வருகிறவளும் துணைக்கு வந்தேன் என்று சொல்ல மாட்டாள். சொன்னால் உபகாரம் செய்வது போலாகிவிடும். சிரித்துக்கொண்டு உள்ளே வந்து பாயை விரிப்பாள். காலையில் சுருட்டிக்கொண்டு போவாள். என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போன காலத்தில், ரோசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வள்ளி எத்தனையோ நாள் எங்களுக்குத் துணையாக வந்து படுத்திருக்கிறாள். இதுவரை ஒரு வார்த்தை அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

முதல் ஆளாகப் போனவளும் வள்ளிதான். மிஸ் கதவைத் திறந்தாராம். இவள் சிரித்தாளாம். உள்ளே போய் மூலையில் பாயை விரித்தாளாம். மிஸ் அவளையும் பாயையும் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு ஒன்றும் கேட்காமல் அவளுடைய கையைப் பிடித்து எழுப்பி, பால்மா போட்ட தேத்தண்ணி கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்து, போர்வையும் போர்த்திவிட்டு, தான் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாராம்.

"ரப்பர் மெத்த பிலோ" என்றாள் வள்ளி மறுநாள், வாழ்க்கையில் முதல்முறையாக இடுப்பு வலி இல்லாமல் எழும்பியவளாக. "படுத்தா அப்படியே உள்ள வாங்குது. பிஸ்கட்டும் குடுத்தாங்க."

அந்தச் சொல் லயம் முழுக்கப் பரவியது. அதுவரைக்கும், "பரீட்ச முடியிற வரைக்கும் போகணுமா" என்று இழுத்தவர்கள் எல்லாரும், "என் முறை எப்ப" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தலைவர் வீட்டு அம்மாவுக்கு முறை பிந்திவிட்டது என்று தலைவர் வீட்டிலேயே இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

இந்தப் பக்கம் மிஸ்ஸைப் பார்த்தால் எனக்குத் திக்கென்றது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. வகுப்பில் பிள்ளைகள் செடியோடு பேசிக்கொண்டிருக்க, இவர் ஒரு செடியில் சாய்ந்து தூங்கினாராம். ஹட்டனுக்குப் போக பஸ்ஸில் ஏறியவர் தூங்கிப்போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து எங்கள் சந்தியிலேயே இறங்கினார். வள்ளி விடுகிற குறட்டைக்குத் தகரக் கூரையே அதிரும் என்பதை நான் யோசிக்கவில்லை. பயத்தில்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று முடிவு கட்டினேன். தலைவரிடம் ஓடினேன்.

"ஒரு ஆள் பத்தல தலைவரே. ரெண்டு பேரா அனுப்புங்க."

இரண்டு பேர் போனார்கள். மிஸ் இன்னும் மெலிந்தார். மூன்று பேரை அனுப்பினோம்.

அப்படியிருக்க ஒருநாள் மத்தியானம் மிஸ் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். முகம் நல்லாயில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிலோ. உண்மை சொல்லு. இந்த லயத்து ஆம்பளைங்க மோசமா?"

என்னிடம் ஒருவர் உண்மை சொல் என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். "மோசந்தான் மிஸ். சம்பள நாள்ல குடிப்பாங்க. குடிச்சா வாய் நீளும்."

"வள்ளியோட புருசன்?"

"அவரு சம்பள நாள் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாரு."

மிஸ் தலையை ஆட்டினார். "வள்ளியோட கையில கீறல் பாத்தேன். தலையில தழும்பு பாத்தேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான் மிஸ்" என்றேன் நான். தேயிலைச் செடி கீறாத கையும், கூடைக் கயிறு பதியாத தலையும் கொழுந்து எடுக்கிறவளிடம் எங்கே இருக்கும்? அதை வேறு விளக்கிச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

மிஸ் என்னுடைய கையைப் பிடித்து அழுத்தினார். "கவலைப்படாதே. நான் துரைகிட்ட பேசறேன்."

கவலைப்படாதே என்று யாராவது என்னிடம் சொன்னால்தான் எனக்கு உண்மையான கவலையே வரும். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் எதைப் பேசப்போகிறார் என்று யோசித்து யோசித்து, அன்று சோற்றுக்கு உப்புப் போட மறந்தேன்.

மறுநாள் காலை விளங்கியது. பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடியிருக்கிறோம். அங்கே பெயர் கொடுத்து, எந்த மலைக்கு வேலை என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் கலைவார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கண்டிப் பக்கத்து இளம் பிள்ளை. நல்லவர். எங்களோடு தமிழில்தான் பேசப் பார்ப்பார். கோபம் வந்தால் மட்டும் சிங்களம் வரும். அவர் வாயைத் திறப்பதற்குள் பால்மா மிஸ் களத்துக்கு நடுவே வந்து நின்றார். துரைக்கு இங்கிலீஷில் ஒரு பிரசங்கம். பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில்.

"இந்தப் பொம்பளைங்க பாவம். ராத்திரி புருசன் வெரட்டுறான். பாய் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு ஓடி வாறாங்க. முதல்ல ஒருத்தி. இப்ப தினம் மூணு பேர். நீங்க வீடு குடுக்கணும். போலீஸ் கூப்பிடணும்."

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டப்போனவள் அப்படியே கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

முதலில் வாய் திறந்தவர் வள்ளியின் புருசன் மாரிமுத்து அண்ணன். குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடித்தால் வீட்டுப் படியில் உட்கார்ந்து, செத்துப்போன தன்னுடைய மாட்டை நினைத்து அழுவார். பெண்சாதியை அடிக்கிற ஆட்கள் மலைநாட்டில் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மாரிமுத்து அண்ணன் விஷயத்தில் பண்ணுவேன்.

"ஏன்டி வள்ளி" என்றார் பரிதாபமாக. "நான் ஒன்ன எப்படி வெரட்டுனேன்? நீதானே ஒரு மொற போயிட்டு வந்து, இன்னொரு மொற வேணும்னு தலைவர்கிட்ட கெஞ்சுன?"

"அது மெத்தைக்குப்பா" என்றாள் வள்ளி தரையைப் பார்த்து.

"மொகத மே?" என்றார் துரை. என்ன இது என்று கேட்கச் சிங்களம் வந்துவிட்டது. பிறகு தன்னை அடக்கிக்கொண்டு தமிழுக்கு வந்தார். "அந்த வீடு ஒரு டீச்சருக்குக் குடுத்தது. தினம் கூட்டமாப் படுக்கிறதுன்னா அது வீடு இல்ல. கம்பனிக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. இந்த மாசத்தோட வீட்டைத் திருப்பி எடுக்கணும்."

வீடு போனால் மிஸ் போவார். மிஸ் போனால் பரீட்சை போகும். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் கூட்டம் போடாமல் எதையும் யோசிக்க முடியாதவர், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசியின் செடி ஞாபகம் வந்தது. என் கால் இரண்டும் என்னைக் கேட்காமல் நடந்து துரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டன. பெரட்டுக் களத்தில் அதுவரை என் பெயரைக் கூப்பிட்டால் ஆமா என்பதைத் தவிர ஒரு சொல் நான் பேசியதில்லை. துரையோடு பேசத் தமிழ் போதும். பதற்றத்தில் எனக்கு எட்டாம் ஆண்டு இங்கிலீஷ்தான் வந்தது.

"சேர். ஹஸ்பன்ட் நோ. மிஸ் அலோன். அலோன் மீன்ஸ், மிஸ் கோ. ஆல் டீச்சர் கோ. வி ஃபியர் சேர். சோ வி ஸ்லீப்."

அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷும் இல்லை, மூச்சும் இல்லை. துரை விளங்காமல் நெற்றியைச் சுருக்கினார். மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எனக்காகவா வந்தாங்க?" என்றார் தமிழில். "எனக்குப் பயம்னா?"

"ஆமா மிஸ்."

"புருசன் அடிக்கல?"

"செடி கீறுனது மிஸ். கூடக் கயிறு மிஸ்."

மிஸ் அப்படியே, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதற்குப் பிறகு எது சிரிப்பு எது அழுகை என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கும். கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்.

"எங்க வீட்டுல நாங்க ஆறு பொம்பளப் புள்ள. ஒரே ரூம். பிறகு நோயாளி அம்மாவோட ஒரே ரூம், ரொம்ப வருசம். அம்மா போன பிறகுதான் எனக்குத் தனி ரூம் கிடைச்சுது. இவ்வளவு தூரம் வந்ததே தனியா இருக்கத்தான். வந்தா, வள்ளி பாயோட நிக்கிறா." மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன செய்யறது? அடிபட்ட பொம்பளைய வெளிய போகச் சொல்ல முடியுமா? கட்டிலைக் குடுத்தேன். ஒருநாள்கூடத் தூங்கல. இந்த மாசத்தோட ஊருக்குப் போயிடலாம்னு டிக்கட் பாத்துட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரை நிறுத்தி வைக்க என்று நாங்கள் செய்ததெல்லாம் அவரைத் துரத்துகிற வேலையாகத்தான் முடிந்திருக்கிறது. தலைவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கூட்டம் போடாமல் எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

"மிஸ், இனிமே எங்க பொம்பளைங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க கதவச் சாத்திக்கிட்டு நல்லாத் தூங்குங்க. போகாதீங்க."

மிஸ் துரையைப் பார்த்தார். துரை வாயைப் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பி நின்றார். முதுகு ஆடியதிலிருந்து அவரும் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "வீடு இருக்கட்டும்" என்றார் திரும்பாமலே. "மலைக்குப் போங்க."

கலைந்து போகும்போது மிஸ் நேரே மாரிமுத்து அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஒரு வெள்ளைக்காரி தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அண்ணன் இன்றுவரை சம்பள நாளில் சொல்லி அழுகிறார். மாட்டுக்கு இப்போது இரண்டாம் இடம்தான்.

மிஸ் போகவில்லை. தனியாகப் படுத்தார், தூங்கினார். அன்று தூங்காதது லயம்தான். அந்த வீட்டில் விளக்கு எப்போது அணைந்தது என்று மறுநாள் கொழுந்து மலையில் ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். உள்ளே போகத்தானே கூடாது, வெளியே நின்று கேட்கலாமே என்று வள்ளிதான் வழி கண்டுபிடித்தாள். அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையால் போகிற ஒவ்வொருத்தியும், "மிஸ், இருக்கீங்களா" என்று குரல் கொடுப்பாள். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். கொஞ்ச நாளில், "இருக்கேன், போ" என்று வந்தது. அதற்கும் பிறகு, குரலை வைத்தே, "இருக்கேன் வள்ளி, தலைவர் அம்மாவும் இப்பதான் கேட்டாங்க" என்று வந்தது. அலுத்துக்கொள்வார். ஆனால் யாராவது ஒருத்தி கேட்காமல் போனால், மறுநாள் அவளுக்குச் சுகமில்லையா என்று விசாரிப்பார்.

பரீட்சை வந்தது, போனது. ரோசி இங்கிலீஷில் பாஸ். நல்ல பாஸ். நான் நம்பாமல் இரண்டு பேரைக் கொண்டு பார்க்கச் சொன்னேன். உயர்தரம் படிக்க ஹட்டனில் விடுதியில் சேர்த்தோம். அவளை விட்டுவிட்டுத் திரும்பிய நாள், என் வீட்டுக்காரரும் கொழும்பில். வள்ளி தன் மகளின் பிரசவத்துக்கு றொசல்லப் பக்கம் போயிருந்தாள். காம்பராவுக்குள் நுழைந்தேன். என் பிள்ளையின் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விளக்கைப் போட்டேன். அடுப்புப் பற்றவைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் பால்மா மிஸ். கக்கத்தில் பாய், கையில் தலையணை. நான் என்ன மிஸ் என்று கேட்க வாயெடுத்தேன். துணைக்கு வந்தேன் என்று சொல்லவில்லை. பயமா என்று கேட்கவில்லை. சிரித்தார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். மூலையில் பாயை விரித்தார்.

நான் கட்டிலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அவர் என்னைக் கட்டிலில் ஏறச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்த ஆளைத் தரையில் போட்டுவிட்டு நான் கட்டிலிலா? கடைசியில் இரண்டு பேரும் தரையில் படுத்தோம், கட்டில் சும்மா கிடந்தது. தனிமையில் இவ்வளவு ஆசை வைத்திருந்த மனுசி, வள்ளியைத் தோற்கடிக்கிற குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தில் நான் ஒரு கவலையும் இல்லாமல் தூங்கினேன். வள்ளி திரும்பி வரும்வரை அவர் தினமும் வந்தார். அதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இன்னும் ஒரு வருடம் படிப்பித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். இப்போது கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாராம். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன் என்று போனில் சொல்லுவார். அந்த ஊரில் பொழுது சாய்கிற நேரம் எங்களுக்கு மத்தியானம் என்று ரோசி கணக்குப் பார்த்துச் சொன்னாள். நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்கப்போடுகிற நேரம் அது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இன்றைக்கு அவருக்குத் துணைக்கு யார் போனார்களோ என்று நினைப்பேன். யாரும் போயிருக்க மாட்டார்கள், அவர் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பாவம், அவ்வளவு பெரிய நாட்டில் பாயைத் தூக்கிக்கொண்டு போக ஒருத்தியாவது இருக்கக்கூடாதா?